நாலு கிளினிக், ஒரே நோயாளி: ஆஸ்திரேலிய உள்நாட்டுக்குப் பணிக்குப் போகும் தமிழ் மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் பார்மசிஸ்டுகளுக்கும்,

வணக்கம். வெளிநாட்டில் படித்துவிட்டு வரும் மருத்துவருக்கு ஆஸ்திரேலியச் சட்டம் பத்து வருடக் கட்டுப்பாடு ஒன்றை வைத்திருக்கிறது. 19ஏபி பிரிவு என்றால் உங்களுக்கே தெரியும். டாக்டர் பற்றாக்குறை உள்ளதாக அறிவிக்கப்பட்ட இடத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் உங்கள் நோயாளிக்கு மெடிகேர் (அரசின் மருத்துவக் காப்பீடு) பணம் கிடைக்கும். நம்மவர்களில் பலர் ப்ரூம், கேதரின், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் போய் இறங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அங்கே வேலை தருவது பல இடங்களில் அரசு மருத்துவமனை அல்ல. பூர்வகுடிச் சமூகமே நடத்தும் சுகாதார நிலையம். ஊர் வாயில் "ஏஎம்எஸ்" (அபோரிஜினல் மெடிக்கல் சர்வீஸ்). அந்த நிலையங்கள் வட்டாரமாகச் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன, அந்த ஏற்பாட்டை நாம் தெரியாமல் எங்கே உடைக்கிறோம் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் ஒரு தப்புக் கணக்கைத் தீர்த்துவிடலாம். ஏஎம்எஸ் அரசாங்க டிஸ்பென்சரி இல்லை, தர்ம ஆஸ்பத்திரியும் இல்லை. 1971-இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் முதல் நிலையம் திறந்தது. 1973-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 'காங்கிரஸ்' தொடங்கியது (நம் ஊர்க் கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). இன்று தேசிய அமைப்பான நாச்சோவில் உறுப்பினராக இருப்பவை 140-க்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் அந்த ஊர்ப் பூர்வகுடி மக்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு உண்டு. சம்பளம் கொடுப்பது அந்தக் குழுதான். டாக்டர் அங்கே ஊழியர்.

இப்போது வட்டாரம். மேற்கு ஆஸ்திரேலியாவின் வடமுனையில் இருக்கும் கிம்பர்லியை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு 4 லட்சத்து 20 ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல், அதாவது மூன்று தமிழ்நாடு. மக்களோ சுமார் 40 ஆயிரம்தான். ப்ரூமிலிருந்து குனுனுராவுக்குச் சாலையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். நடுவில் டெர்பி, ஹால்ஸ் கிரீக் என்று தனித்தனி ஏஎம்எஸ், தனித்தனி நிர்வாகக் குழு. கிம்பர்லியில் அப்போது இருந்த நிலையங்கள் சேர்ந்து 1986-இல் உண்டாக்கியதுதான் 'காம்ஸ்' என்கிற கிம்பர்லி அபோரிஜினல் மெடிக்கல் சர்வீசஸ். கீழே இருப்பவை மேலே இருப்பதை உண்டாக்கின என்பதைக் கவனியுங்கள். காம்ஸ் தலைமை அலுவலகமும் இல்லை, ஏஎம்எஸ்கள் அதன் கிளைகளும் இல்லை. தனியாக ஒரு நிலையம் தாங்க முடியாத டயாலிசிஸ், பயிற்சி, சிகிச்சை நெறிமுறை, கணினி போன்றவற்றை அது சுமக்கிறது. வடக்குப் பிரதேசத்தில் 1994-இல் உருவான 'அம்சான்ட்' இன்னொரு வகை, அது பெரும்பாலும் கொள்கைக்கும் ஆதரவுப் பணிக்குமான கூட்டணி. தென்கிழக்குக் குயின்ஸ்லாந்தில் 2009-இல் நான்கு நிலையங்கள் சேர்ந்து உருவாக்கிய நகர்ப்புறப் பூர்வகுடி நல நிறுவனம் மூன்றாவது வகை. அங்கே தூரம் பிரச்சினையே இல்லை. பெருகிக்கொண்டிருந்த நகர மக்கள்தொகைக்குப் பழைய நான்கு கட்டடங்கள் போதவில்லை என்பதுதான் பிரச்சினை. மூன்றையும் ஒரே அச்சில் வார்த்ததாக நினைத்தால் ஏமாறுவீர்கள்.

ஏன் சேர வேண்டும் என்பதற்கு ஓர் ஊசியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

ருமாட்டிக் காய்ச்சல் (இதய வால்வைக் கெடுக்கக்கூடிய காய்ச்சல்) வந்த பிள்ளைக்குப் பென்சாத்தீன் பென்சிலின் ஊசி. 20 கிலோவும் அதற்கு மேலும் எடை என்றால் 12 லட்சம் யூனிட், அதற்குக் கீழ் 6 லட்சம். 28 நாளைக்கு ஒருமுறை, வருடத்துக்குக் குறைந்தது 13 ஊசி. கடைசிக் காய்ச்சலுக்குப் பின் குறைந்தது 5 வருடம் அல்லது 21 வயதுவரை, எது பிந்தியதோ அதுவரை. வால்வு கெட்டுவிட்டால் இன்னும் நீளும். 29-ஆம் நாள் காலையிலிருந்து அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லை என்று கணக்கு. இதில் 'மாதம் ஒரு ஊசி' என்ற பேச்சு ஆபத்தானது. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி என்று காலண்டரில் குறித்தால், 31 நாள் மாதத்தில் மூன்று நாள் ஓட்டை விழும், வருடத்தில் 12 ஊசிதான் போகும். நினைவூட்டலை 21-ஆம் நாளுக்கு வையுங்கள். 21-க்கும் 28-க்கும் இடையில் எந்த நாளில் போட்டாலும் சரிதான். தேடிப் பிடிக்க ஒரு வாரம் கையில் இருக்கும்.

இப்போது அந்தப் பிள்ளை தன் ஊரான ஹால்ஸ் கிரீக்கில் இல்லை என்று வையுங்கள். 'சாரி பிசினஸ்' என்று அங்கே சொல்லும் சாவுக் காரியத்துக்குக் குடும்பத்தோடு 360 கிலோமீட்டர் தள்ளிக் குனுனுரா போயிருக்கிறது. காரியம் இரண்டு நாளில் முடிவதில்லை, வாரங்கள் ஆகும். அங்கே ஒரு நர்ஸ் நல்ல மனதோடு ஊசியைப் போட்டுவிடுகிறார். வேலை முடிந்ததா? பாதிதான். அவர் அதைக் குறிப்புப் பகுதியில் "பிசிலின் போட்டாச்சு" (பிசிலின் அந்த ஊசியின் வணிகப் பெயர்) என்று தட்டச்சு செய்திருந்தால் மென்பொருளுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. மருந்து கொடுத்ததைப் பதிய வேண்டிய கட்டத்தில் பதிந்தால்தான் நினைவூட்டல் மூடும், அடுத்தது தானாகத் திறக்கும். ஹால்ஸ் கிரீக்கில் சுகாதாரப் பணியாளர் ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு இல்லாத பிள்ளையைத் தேடிச் சுற்றுவது இதனால்தான். பிள்ளை திரும்பி வந்ததும் இன்னொரு ஊசி வாங்கிக்கொள்வதும் இதனால்தான். அந்த ஊசி வலிக்கும் வலி சாதாரணமில்லை. தேவையில்லாமல் ஒன்று வாங்கிய பிள்ளை அடுத்த முறை கிளினிக் வண்டியைக் கண்டாலே ஓடும்.

குனுனுராவிலிருந்து வடக்குப் பிரதேச எல்லை 50 கிலோமீட்டருக்குள். எல்லை தாண்டினால் வேறு ருமாட்டிக் பதிவேடு (யாருக்கு எப்போது ஊசி என்று குறிக்கும் பட்டியல்), வேறு ஆஸ்பத்திரி எண். டார்வின் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முந்தியது, குனுனுராவில் பிற்பகல் மூன்றரை என்றால் அங்கே ஐந்து. பதிவேட்டுக்குப் போன் போட வேண்டியதைக் காலையிலேயே போடுங்கள். நான்கு வரி போதும்: பெயர், பிறந்த தேதி, ஊசி போட்ட தேதி, அளவு. வீட்டு கிளினிக்குக்கும் (பிள்ளையின் சொந்த ஊர் நிலையம்) பதிவேட்டுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், ஒருவர் மற்றவரிடம் சொல்லிவிடுவார் என்று விட்டால் விட்டதுதான்.

பெயர் என்றோம். அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. மத்திய ஆஸ்திரேலியாவில் ஒருவர் இறந்துவிட்டால் அவர் பெயரைச் சொல்வதில்லை. அதே பெயருள்ள உயிரோடிருப்பவரைக் 'குமுஞ்சாய்' என்று மாற்றி அழைப்பார்கள். போன மாதம் ஒரு பெயரில் பதிவான ஆள் இந்த மாதம் வேறு பெயர் சொல்லுவார், வரவேற்பில் இருப்பவர் புதுக் கோப்பு திறந்துவிடுவார். சரி, பிறந்த தேதியை வைத்துப் பிடிக்கலாம் என்றால், வயதானவர்களில் பலருக்கு ஜூலை 1 அல்லது ஜனவரி 1 என்றுதான் இருக்கும். யாரோ ஓர் அதிகாரி மதிப்பாகப் போட்ட தேதி. ஆகவே புதுக் கோப்பு திறக்கும் முன் பழைய பெயர்கள், தாயின் பெயர், சொந்த ஊர் மூன்றையும் பார்க்க வேண்டும். இதை வேகமாகச் செய்யக்கூடியவர் உள்ளூர்ப் பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளர், நீங்கள் அல்ல. யார் பேரன், எந்த வீட்டில் தங்கியிருப்பான் என்பது அவருக்குத்தான் தெரியும். சத்தமாகப் பெயர் கூப்பிடாமல் அவரிடம் மெல்லக் கேளுங்கள்.

கையிருப்பும் வட்டார விஷயம்தான். இந்த ஊசி 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். உங்கள் பட்டியலில் 40 பேர் என்றால் மாதம் 40 வாங்கி வைப்பது கணக்குக்குச் சரி, நடைமுறைக்குத் தவறு. கால்பந்துத் திருவிழா ஒன்று உங்கள் ஊரில் நடந்தால் நாலு ஊர்ப் பிள்ளைகள் வருவார்கள். குறைந்தது ஐம்பது இருக்கட்டும். மழைக்காலத்துக்கு முன் இன்னும் கொஞ்சம். 2023 ஜனவரி வெள்ளத்தில் ஃபிட்ஸ்ராய் கிராசிங் பாலம் உடைந்து கிம்பர்லி மேற்கு, கிழக்கு என்று வாரக்கணக்கில் துண்டுபட்டது. அப்படி ஒரு நாளில் எந்த ஃப்ரிட்ஜில் எத்தனை ஊசி இருக்கிறது என்று ஒரே தாளில் பார்க்க முடிகிற வட்டாரமும், ஒவ்வொரு கிளினிக்காகப் போன் போட்டுக் கேட்க வேண்டிய வட்டாரமும் ஒன்றல்ல.

சிஃபிலிஸ் என்ற பாலியல் நோய் விஷயத்தில் இந்தத் தகவல் பகிர்வு இல்லாவிட்டால் சிகிச்சையே செய்ய முடியாது. 2011-இல் வடக்குக் குயின்ஸ்லாந்தில் தொடங்கிய பரவல் 2013-இல் வடக்குப் பிரதேசம், 2014-இல் கிம்பர்லி, 2016-இல் தெற்கு ஆஸ்திரேலியா என்று நகர்ந்தது. நோய் மாநில எல்லை பார்க்கவில்லை, பதிவேடுகள் பார்த்தன. விரலில் குத்திப் பார்க்கும் உடனடிச் சோதனை காட்டுவது ட்ரெபோனீமா (சிஃபிலிஸ் கிருமி) எதிர்ப்பொருளை. ஒருமுறை வந்தவருக்கு, குணமான பிறகும், அது பெரும்பாலும் ஆயுளுக்கும் பாசிட்டிவ்தான். எனவே பழைய ஆர்பிஆர் (நோய் எவ்வளவு முனைப்பாக இருக்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை) அளவும் பழைய சிகிச்சைத் தேதியும் கையில் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது. 1:32 இருந்தது 1:8 ஆனால் மருந்து வேலை செய்திருக்கிறது. 1:8 மறுபடி 1:32 ஆனால் புதுத் தொற்று என்று எடுத்துக்கொள்ள வேண்டும். முடிந்தவரை ஒரே ஆய்வகத்தின் எண்களை ஒப்பிடுங்கள். மாநில சிஃபிலிஸ் பதிவேட்டைக் கூப்பிட்டால் வரலாறு கிடைக்கும். பக்கத்து மாநிலத்தில் வாழ்ந்தவரா என்று கேட்டு அங்கேயும் கூப்பிட வேண்டும். கர்ப்பிணி என்றால் அன்றே. சிகிச்சைக்கு இதே பென்சாத்தீன் ஊசிதான், ஒரு வேளைக்கு 24 லட்சம் யூனிட், அதாவது இரண்டு சிரிஞ்சு. எப்போது தொற்றியது என்று தெரியாத பழைய நோய்க்கு வாரம் ஒன்றாக மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் ஆள் மூன்று ஊரில் இருப்பார். இரண்டாவது ஊசியை யார் போடுவது என்று முதல் நாளே போனில் பேசி முடித்துவிடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லாரும் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்பது பகிர்வு ஆகாது. அந்த கிளினிக்கில் வேலை செய்பவர் நோயாளியின் மைத்துனராக இருக்கலாம். பாலியல் நோய்க் குறிப்பை யார் திறக்கலாம் என்ற பூட்டு பெரும்பாலான மென்பொருள்களில் ஏதோ ஒரு வடிவில் உண்டு. அதைப் போடக் கற்றுக்கொள்ளுங்கள். ஒப்புதல் தாளில் "வட்டார நிலையங்கள்" என்று மொட்டையாக எழுதாமல் ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் எழுதி வாங்குங்கள்.

கணக்கு விஷயத்துக்கு வருகிறோம். வட்டாரக் கூட்டுறவு பெரும்பாலும் இங்கேதான் புளித்துப் போகிறது. ஒவ்வொரு நிலையமும் ஜூனிலும் டிசம்பரிலும் தேசியக் குறியீடுகளை (எத்தனை பேருக்கு என்ன கவனிப்பு கிடைத்தது என்று காட்டும் எண்களை) அனுப்ப வேண்டும். அதில் 'வழக்கமான நோயாளி' என்றால் இரண்டு வருடத்தில் குறைந்தது மூன்று தடவை வந்தவர். இப்போது பாருங்கள். டெர்பிக்கு இரண்டு தடவை, ப்ரூமுக்கு இரண்டு தடவை, குனுனுராவுக்கு இரண்டு தடவை போன சர்க்கரை நோயாளி யாருக்குமே வழக்கமான நோயாளி இல்லை. ஆறு தடவை வந்தும் எந்தப் பட்டியலிலும் இல்லை. மாறாக டெர்பிக்கு மூன்று, ப்ரூமுக்கு நான்கு என்று போனவர் இரண்டு பட்டியலிலும் இருப்பார். ப்ரூமில் எடுத்த எச்பிஏ1சி சர்க்கரைச் சோதனை முடிவு டெர்பிக்குத் தெரியாவிட்டால் டெர்பியின் எண் தாழ்ந்துபோகும். அந்தத் தாளைப் பார்த்து 'டெர்பிக்காரர்கள் வேலை செய்வதில்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வட்டாரமாக எல்லாப் பட்டியலையும் சேர்த்து, ஒரே ஆளின் இரட்டைப் பதிவை நீக்கி எண்ணினால்தான் உண்மை தெரியும். அதற்கு எந்த ஊர் யாருக்கு வீட்டு கிளினிக் என்பதை நோயாளியிடமே கேட்டு ஒரு கட்டத்தில் குறிக்க வேண்டும். எளிய வேலை, ஆனாலும் பலர் செய்வதில்லை.

பணமும் இதே ஓட்டையில்தான் ஒழுகும். அரசு மானியம் வாங்கினாலும் மெடிகேரிலும் கோரலாம் என்று 19(2) பிரிவின் கீழ் இந்த நிலையங்களுக்கு விலக்கு உண்டு. ஆக ஒவ்வொரு பரிசோதனையும் வருமானம். பூர்வகுடியினருக்கான முழு உடல் பரிசோதனை, மெடிகேர் கட்டண எண் 715, ஒன்பது மாதத்துக்கு ஒருமுறைதான். ஊருக்கு வந்துபோகும் ஒருவருக்கு நீங்கள் 715 செய்தால் காசு உங்களுக்கு. அதில் கண்டுபிடித்த உயர் ரத்த அழுத்தம், காதுச் சீழ், கண் பரிசோதனை எல்லாவற்றையும் அடுத்த எட்டு மாதம் சுமப்பது வீட்டு கிளினிக். அவர்கள் 715 போட்டால் நிராகரிக்கப்படும். இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை, ஆனால் அடுத்த கூட்டத்தில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். செய்யும் முன் மெடிகேரின் இணையச் சரிபார்ப்பில் கடைசி 715 எப்போது என்று பாருங்கள். செய்தே தீர வேண்டும் என்றால் அன்றே திட்டத்தை வீட்டு கிளினிக்குக்கு அனுப்புங்கள். நர்சும் பதிவுபெற்ற பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளரும் செய்யும் தொடர் சேவைக்கான 10987-உம் வருடத்துக்குப் பத்துதான், வட்டாரம் முழுக்கச் சேர்த்துப் பத்து. 2025 ஜூலை முதல் நாள்பட்ட நோய்த் திட்டத்துக்கு 965, 967 என்ற எண்கள் வந்துவிட்டன. மைமெடிகேரில் (நோயாளி ஒரு கிளினிக்கைத் தன்னுடையது என்று பதிந்துகொள்ளும் ஏற்பாடு) பதிந்தவர் அந்தத் திட்டத்தைப் பதிந்த இடத்தில்தான் பெறலாம். ஆகவே எதிரில் நிற்கிறார் என்பதற்காக விருந்தாளியை உங்கள் கிளினிக்கில் மைமெடிகேரில் பதிந்துவிடாதீர்கள். அவர் ஊருக்குத் திரும்பியதும் அங்கே திட்டம் போட முடியாமல் நிற்பார்.

ஆள் பகிர்வு காதுக்கு இனிமையான யோசனை. "பக்கத்து ஏஎம்எஸ்ஸில் டாக்டர் இல்லை, அடுத்த வாரம் நீங்கள் போய்ப் பாருங்கள்" என்று ஒருநாள் கேட்பார்கள். போகலாம், ஆனால் மெடிகேர் ப்ரொவைடர் எண் ஆளுக்கு ஒன்றல்ல, இடத்துக்கு ஒன்று. 19ஏபி விலக்கும் இடத்துக்கு ஒன்று. உங்கள் பதிவு மேற்பார்வை நிபந்தனையோடு இருந்தால் ஆப்ரா (மருத்துவர்களைப் பதிவு செய்யும் அமைப்பு) ஒத்துக்கொண்ட இடத்தையும் மேற்பார்வையாளரையும் தாண்டி ஒரு நோயாளியைக்கூடப் பார்க்கக் கூடாது. மாநிலம் தாண்டினால் குழந்தைகளோடு பணிபுரியும் அனுமதி அட்டையும் வேறு, வடக்குப் பிரதேசத்தில் ஓக்கர் கார்டு, குயின்ஸ்லாந்தில் ப்ளூ கார்டு. ஆகவே சேர்ந்த முதல் வாரத்திலேயே, யாரும் கேட்கும் முன், வட்டாரத்தில் உங்களை அனுப்பக்கூடிய இடங்கள் எவை என்று மேலாளரிடம் கேட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து விண்ணப்பித்துவிடுங்கள். அவசரத்தில் விண்ணப்பித்தால் எண் வருவதற்குள் அவசரம் போயிருக்கும்.

டயாலிசிஸ் பற்றிக் கொஞ்சம். 2000-இல் மேற்குப் பாலைவன ஓவியர்கள் வரைந்த படங்களைச் சிட்னியில் ஏலம் விட்டு 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2004-இல் அவர்கள் ஊர்களில் ஒன்றான கின்டோரில் டயாலிசிஸ் இயந்திரம் ஓடியது. அதுவரை அந்த ஊர் நோயாளிகள் வாரம் மூன்று நாள் சிகிச்சைக்காக 500 கிலோமீட்டர் தள்ளி ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலேயே கிடக்க வேண்டியிருந்தது. ஒதுக்குப்புறங்களில் நர்சோ பதிவுபெற்ற பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளரோ செய்யும் டயாலிசிஸுக்கு மெடிகேர் எண் 2018 நவம்பரில்தான் வந்தது. மக்கள் தொடங்கி, அரசு பின்னால் வந்த கதை. உங்கள் பங்கு சின்னது. காரியத்துக்காக ஊர் போக விரும்பும் நோயாளிக்கு அந்த ஊரில் ஒரு டயாலிசிஸ் நாற்காலி கேட்கும்போது, கடைசி மூன்று அமர்வுத் தாள், உலர் எடை, ஃபிஸ்டுலாவா கதீட்டரா என்ற விவரம், மருந்துப் பட்டியல், அண்மைய ஹெபடைட்டிஸ் பி முடிவு இவ்வளவும் ஒரே கட்டாகப் போக வேண்டும். நாற்காலி மறுக்கப்படும் இடங்களைப் பார்த்தால், காலாவதியான அந்த ஹெபடைட்டிஸ் முடிவுதான் அடிக்கடி காரணமாக இருக்கும். யாரும் எப்போதும் கிளம்பலாம் என்ற நினைப்போடு அதை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

கடைசியாக, யார் யாரோடு ஒப்பந்தம் போடுகிறார்கள் என்பது. நமக்கு ஒரு பழக்கம் உண்டு. பக்கத்து ஊர் டாக்டர் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் சீனியர் என்றால் போன் போட்டு ஓர் ஏற்பாட்டை முடித்துவிடுவோம். அவசரத்தில் நோயாளியைக் காப்பாற்ற அது உதவும். ஏற்பாடாக நிலைக்காது, இருவரில் ஒருவர் மாறினால் போயிற்று. கிளினிக்குகளுக்கு இடையிலான எந்த ஏற்பாடும் இரண்டு நிர்வாகக் குழுக்களுக்கும் போக வேண்டும். நீங்கள் முன்மொழிவை ஒரு பக்கத்தில் எழுதித் தரலாம்: எந்தத் தகவல், யாருக்கு, எத்தனை நாளைக்குள், யார் செலவில், பிடிக்காவிட்டால் எப்படி விலகுவது. இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத ஒப்பந்தத்தைச் சின்ன நிலையங்கள் நம்புவதில்லை. அது நியாயமும்கூட. பெரிய ஊரில் இருக்கும் கூட்டமைப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஆள், பணம், பெயர் மூன்றையும் இழுத்துக்கொள்ளும் என்ற பயம் வீண் பயம் அல்ல. நிலையத்துக்கு ஒரு ஓட்டு, கூட்டமைப்பு தன் உறுப்பினர்களோடு அதே மானியத்துக்குப் போட்டியிடக் கூடாது, இந்த இரண்டு விதியும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கூட்டுறவு வெறும் காபியும் பிஸ்கட்டும்தான். 2015-இல் வந்த 31 முதன்மை நல வலையமைப்புகளோ (அரசு நிதியை வட்டாரச் சேவைகளுக்குப் பிரித்துத் தருபவை) வேறு யாரோ ஒரு திட்டத்துக்கு ஆதரவுக் கடிதம் கேட்டு உங்கள் மேசைக்கு நேரே வந்தால் கையெழுத்துப் போடாமல் தலைமை நிர்வாகியிடம் அனுப்புங்கள். சமூகம் நடத்தும் துறையை வலுப்படுத்துவோம், தரவைப் பகிர்வோம் என்று 2020 ஜூலையில் எல்லா அரசுகளும் தேசிய உடன்பாட்டில் ஒப்புக்கொண்டன. 2024 பிப்ரவரியில் அரசுக்கு ஆலோசனை சொல்லும் உற்பத்தித்திறன் ஆணையம் கொடுத்த அறிக்கை, அந்த வாக்கில் பெரும்பகுதி நிறைவேறவில்லை என்று சொன்னது. உங்கள் பெயர் எந்தக் காகிதத்தில் போகிறது என்பதில் குழுவுக்கு அக்கறை இருப்பதற்குக் காரணம் உண்டு.

ஒப்பந்தம் முடிந்து நீங்கள் கிளம்பும் நாள் வரும். கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது மென்பொருளில் உங்கள் பெயரில் தேடுங்கள். பார்க்காத ஆய்வக முடிவுகள், திறந்திருக்கும் நினைவூட்டல்கள், பதில் வராத பரிந்துரைகள் எல்லாம் பட்டியலாக வரும். நீங்கள் போன பிறகு உங்கள் இன்பாக்ஸை யாரும் திறக்க மாட்டார்கள், அதில் ஒரு 1:64 சிஃபிலிஸ் முடிவு உட்கார்ந்திருக்கலாம். ஒவ்வொன்றையும் ஓர் ஆளின் பெயருக்கு மாற்றுங்கள், 'அடுத்த டாக்டர்' என்று அல்ல. அடுத்த டாக்டர் யாரென்றே இன்னும் முடிவாகியிருக்காது. நீண்ட காலம் அங்கேயே இருக்கப்போகும் சுகாதாரப் பணியாளருக்கு மாற்றுவது நல்லது, அவரிடம் முதலில் கேட்டுவிட்டு. வெளியூரிலிருந்து வந்தவர்களுடையதை அவரவர் வீட்டு கிளினிக்குக்கு அனுப்பி, கிடைத்தது என்ற பதில் வந்த பிறகே பட்டியலிலிருந்து எடுங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கு முன்னால் அந்தப் பக்கம் போன சிலர்